திருப்பணி நிறைவு அறிக்கை: மண்டபக் கூரையும் கூடுதல் 45,400 வெள்ளியும்

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

குடமுழுக்கு நல்லபடியாக நிறைவேறியது. கோபுர வண்ணம், விமானக் கலசங்கள், பிராகாரத் தளக்கல், மின்கம்பி மாற்றம் ஆகியவை மதிப்பிட்ட தொகைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்விகள் எல்லாம் சூரிய மின்தகடுகள் பொருத்திய மண்டபக் கூரையையும் அதில் வந்த கசிவையும் சுற்றியே வருகின்றன. ஆகவே இந்த அறிக்கையும் பெரும்பாலும் கூரையின் மேல்தான் நிற்கும்.

மதிப்பீடு 486,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). செலவு 531,400. கூடுதல் 45,400 வெள்ளி எங்கே போனது என்பதை மறைக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

முதலில், கோவிலுக்கு ஏன் சூரியத் தகடுகள் என்ற கேள்வி. பொதுக்கூட்டத்தில் ஒருவர், “இது இந்தக் காலத்து மோஸ்தர், சாமி கேட்டாரா?” என்றார். தொழிலோடு சுற்றுச்சூழலையும் பார்ப்பது மோஸ்தர் என்றால், சிங்கப்பூரில் அது பழைய மோஸ்தர்தான். ஜூரோங்கில் சதுப்பு நிலத்தை நிரப்பித் தொழிற்பேட்டை அமைக்கத் தொடங்கியது 1961இல். மரம் நடும் இயக்கத்தை அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூ தொடங்கியது 1963இல். ஆலைப் புகையைக் கண்காணிக்கும் பிரிவு 1970இல் பிரதமர் அலுவலகத்தின் கீழேயே அமைந்தது. வேலைவாய்ப்புக்காக ஆலைகளைக் கெஞ்சி அழைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் நடந்தவை இவை. அன்று மாலை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, 1977இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றுத் துப்புரவில் தாம் குப்பை அள்ளிய கதையைச் சொன்னார். “பத்து வருஷம் ஆனது. முதல் மாதம் சோறு இறங்கவில்லை” என்றார். அதன்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

தகடுகள் 60, மொத்தத் திறன் 30 கிலோவாட். மாதம் ஏறத்தாழ 2,900 யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. காலையில் கோபுர நிழல் கிழக்கு வரிசையின் மேல் விழுகிறது. எல்லாத் தகடுகளையும் ஒரே சரமாகப் பிணைத்தால் நிழல் பட்டவை மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும் என்பதால் அந்த வரிசைக்குத் தனிக் கருவி வைத்தோம். கருவறைக்கு மேலும் விமானத்துக்கு அருகிலும் தகடு கூடாது என்று ஸ்தபதி சொன்னதை அப்படியே ஏற்றோம்.

இனி கசிவு. 2025 ஜனவரி 10ஆம் தேதி பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் காலை, அந்தக் கூரையின் கீழுள்ள மடப்பள்ளியில் அரிசி மூட்டைகளின் மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. நான்கு மூட்டைகள் பாழ். தகடு பொருத்தியவரை அழைத்தோம். “துளையிடுவது என் வேலை, அடைப்பது கூரைக்காரர் வேலை” என்றார். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு செய்தவரோ, “என் பூச்சில் துளை விழுந்த அன்றே என் பத்தாண்டு உத்தரவாதம் போய்விட்டது” என்றார். இருவரும் ஏழு வாரம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் வாளி வைத்துக்கொண்டிருந்தோம்.

துளையிட ஏன் விட்டீர்கள் என்கிறீர்கள். துளையில்லாமல் கான்கிரீட் கட்டைகளை வைத்து எடையால் தகடுகளை நிறுத்தலாம். அந்த எடையை நம் பழைய கூரை தாங்காது என்று பொறியாளர் எழுத்தில் கொடுத்தார். அதனால்தான் 72 போல்ட்டுகள். ஆனால் ஒவ்வொரு போல்ட்டின் அடியையும் யார் அடைப்பது என்ற ஒரு வரி இரண்டு ஒப்பந்தங்களிலும் இல்லை. அது எங்கள் பிழை. எழுதியவன் நான்.

எந்தப் போல்ட் கசிகிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்தவர் நம் மடப்பள்ளிச் சமையற்காரர். மஞ்சள்தூளை நீரில் கரைத்து, போல்ட்டைச் சுற்றிக் களிமண் வரப்புக் கட்டி, ஒவ்வொன்றாக ஊற்றச் சொன்னார். பொருளாளர் மேலே ஊற்ற, நான் கீழே டார்ச் விளக்குடன் அண்ணாந்து நின்றேன். இரண்டாம் நாள் மாலை, 41ஆம் போல்ட்டில், உத்தரத்தின் ஓரமாக மஞ்சள் ஒரு நூலாக இறங்கியது. அடுத்து 42. அப்புறம் 58. மஞ்சளைப் பார்த்தபின் இரண்டு குத்தகையாளர்களாலும் பேச முடியவில்லை.

மூன்று துளைக்காக முழுக் கூரையையும் ஏன் செய்தீர்கள் என்றும் கேட்கிறீர்கள். மற்ற 69 துளைகளும் அதே கை இட்டவைதான், அவற்றை அடைப்பதும் யார் பொறுப்பிலும் இல்லை. தகடுகளைக் கழற்றி, பூசி, 24 மணி நேரம் நீர் தேக்கிச் சோதித்து, மீண்டும் பொருத்த 41,600 வெள்ளி ஆனது. இரண்டு குத்தகையாளர்களில் ஒருவர் 8,000, மற்றவர் 5,000 கொடுத்தார்கள். மீதி 28,600 நம் தலையில். வழக்குப் போட்டிருக்கலாமே என்பவர்களுக்கு: சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வரைதான் கேட்கலாம், இருதரப்பும் இசைந்தால் 30,000. அவர்கள் இசையவில்லை. அதற்கு மேல் போனால் வக்கீல் செலவு. குடமுழுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

மீதக் கூடுதல் இவ்வளவுதான். வேலை தள்ளிப்போனதால் ஸ்தபதிகளின் தங்குமிடத்துக்கு 8,900. மழைநீர்த் தொட்டிக்குக் கொசு நுழையாத மூடியும் வலையும் 4,800. முதலில் வந்த மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது, டெங்கி உள்ள ஊரில் அதை ஏற்க முடியாது. ஒப்பந்தம் 2023இல், 2024 ஜனவரியில் பொருள் சேவை வரி 8இலிருந்து 9 விழுக்காடானதால் 3,100. தொட்டிநீர் பிராகாரம் கழுவவும் நந்தவனத்துக்கும் மட்டுமே. அபிஷேகத்துக்குக் குழாய்நீர்தான், வேறு விதமாகப் பரவும் பேச்சை நம்ப வேண்டாம்.

நன்கொடை 517,900 வெள்ளி. குறைந்த 13,500ஐப் பொது நிதியிலிருந்து எடுத்தோம்; அதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். கொடையாளர் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. தாயார் நினைவாக 25,001 கொடுத்த ஈசூன் குடும்பத்தார், தகடு ஒன்றுக்கு 501 வீதம் ஏற்ற 38 அன்பர்கள், தேக்கா பூக்கடைக்காரர்கள், சம்பளத்தில் மிச்சம்பிடித்து 1,212 வெள்ளி திரட்டிய துவாஸ் தங்குவிடுதித் தொழிலாளர்கள், பெயர் வேண்டாம் என்று உறையில் 10,000 வைத்துப் போனவர் எல்லாருக்கும் நன்றி. கல்வெட்டில் எழுத்துப்பிழை இருப்பதாக ஐவர் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களும் இம்மாதத்துக்குள் அலுவலகத்தில் தெரிவித்தால் ஒரேயடியாகத் திருத்தலாம்.

மடப்பள்ளி உத்தரத்தில் மஞ்சள் கறை ஏன் இன்னும் இருக்கிறது என்று நேற்றும் ஒருவர் கேட்டார். டிசம்பர் மழை கழியும்வரை அதன்மேல் வெள்ளையடிக்க வேண்டாம் என்று சமையற்காரர் சொல்லியிருக்கிறார்.

செயலாளர்
திருப்பணிக் குழு