அடுத்த 19 பேர் எங்கே ஒத்திகை பார்ப்பார்கள்?

பெருநகரச் சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். ஓட்டேரியிலிருந்து மடல் என்றதும் குப்பை, கால்வாய், கொசு என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றுக்கு மனுக்கள் தனியாக வரும். இது பாட்டுச் சங்கதி: பாட்டுக் குழுக்கள் ஒத்திகை பார்க்க இடம் கேட்டு எழுதுகிறேன்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடையேறியது. கோட்டு சூட்டு அணிந்த 19 பேர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. சாவு வீட்டுக்கு மட்டுமே உரியவை என்று ஊர் ஒதுக்கிவைத்திருந்த சட்டி, கட்டமோளம் என்னும் கொட்டுக் கருவிகள் எலக்ட்ரிக் கிட்டாரோடும் டிரம்ஸோடும் சரிக்குச் சரியாக நின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் கானாவிலும் ராப்பிலும் ராக்கிலும் பாடினார்கள். அதற்கு முன் சென்னையில் ராக் என்றால் பெரும்பாலும் கல்லூரி விழாக்களில் ஆங்கிலத்தில் பாடுவதுதான். நன்றாகத்தான் பாடினார்கள், ஆனால் எங்கள் தெருவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்தது. கானா என்றால் ஆண்கள் பாடுவது என்றிருந்த நிலையில் இந்தக் குழுவில் இசைவாணி பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். குழுவில் ராப் பாடிய அறிவு இன்று தனிக் கலைஞராக எங்கெங்கோ போய்விட்டார்.

இத்தனைக்கும் பின்னால் பெயர் பெற்ற ஒரு திரைப்பட இயக்குநர் இருந்தார் என்பதுதான் எனக்குள்ள கவலை. புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ இப்போது பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

பொங்கலுக்கு அரசு சென்னை சங்கமம் நடத்துகிறது, அதில் மேடை கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கட்டும். மேடை கடைசிப் படி. அதற்கு முன் மாதக்கணக்கில் ஒத்திகை வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு ஒரு மொட்டைமாடியில் சமாளித்துவிடும். பறையும் சட்டியும் கட்டமோளமும் டிரம்ஸும் கொண்ட குழுவை எந்த வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார்? வாடகை ஸ்டூடியோக்கள் மணிக்கணக்கில் காசு வாங்குகின்றன. பத்துப் பேர் உள்ளே நுழைந்தால் மூச்சு முட்டும். தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் சுருதி ஏறும். குளிரூட்டிய அறையில் யார் வைக்கோல் கொளுத்த விடுவார்கள்?

ஒத்திகைக்கான இடத்தை நகரம் கட்டித்தர முடியாது என்று சொல்லாதீர்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது. மடிக்கணினியோடு வேலை செய்பவர்களும் தேர்வுக்குப் படிப்பவர்களும் குறைந்த கட்டணத்தில் அங்கே உட்கார்ந்துகொள்கிறார்கள். அருமையான ஏற்பாடு. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இடம் தந்த நகரம், நின்று சத்தம்போட்டுச் செய்யும் வேலைக்கும் தரலாம். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கும்போது சொன்ன தொகை 4,181 கோடி ரூபாய். நான் கேட்பது அதில் கண்ணுக்கே தெரியாது.

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் ஆளுக்கொன்றாக, பயன்பாடு குறைந்த ஒரு மாநகராட்சிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் வெளியே போகாத பெரிய அறை ஒன்று, பறை காய்ச்ச ஒரு முற்றம், ஒலிபெருக்கி, டிரம்ஸ், பூட்டிவைக்க அலமாரி. இரவு பத்து மணியோடு மூடிவிடலாம். ஒலிபெருக்கிக்குச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. முன்பதிவு இணையத்தில் இருக்கட்டும். கவுன்சிலர் சிபாரிசுக் கடிதம் கேட்கும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது வந்தால் ஆறே மாதத்தில் அறை கேரம்போர்டு மன்றமாகிவிடும்.

இன்னொன்று: என்ன பாடுகிறார்கள் என்று எட்டிப்பார்க்காதீர்கள். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாட்டு பலரைக் கோபப்படுத்தியிருக்கிறது. நாளை வரும் குழு உங்களையே, ஏன், இதே ரிப்பன் மாளிகையையே கிண்டலடித்துப் பாடலாம். சாவி அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் மன்றத்தில் யாராவது ஒருவர் இதை எழுப்புங்கள். எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓட்டேரிவாசி ஒருவன்