பத்தொன்பதாம் வசனத்தோடு நின்றுவிட்டால்...

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். விசுவாசிக்குத் தேவன் தருகிற ஆவிக்குரிய அதிகாரத்தைப் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். சோர்ந்துபோன பலருக்கு அது தெம்பு கொடுத்திருக்கும். பயந்து பயந்து வாழ்கிற விசுவாசிக்கு, “நீ அநாதை இல்லை, சத்துருவின் கைப்பொம்மையும் இல்லை” என்று யாராவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் கட்டுரை லூக்கா 10:19-ஐ எடுத்து விரிவாகப் பேசிவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த வசனத்தைத் தொடவே இல்லை. அதுதான் என்னை எழுத வைத்தது.

எழுபது சீஷர்கள் சந்தோஷத்தோடு திரும்பி வருகிறார்கள். “பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது” என்கிறார்கள். இயேசு அதை மறுக்கவில்லை. சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்கவும், சத்துருவினுடைய சகல வல்லமையையும் மேற்கொள்ளவும் அதிகாரம் கொடுக்கிறேன் என்கிறார். உடனே, “ஆகிலும்” என்று தொடங்கி, ஆவிகள் கீழ்ப்படிகிறதற்காகச் சந்தோஷப்படாமல், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்கிறார். அந்த “ஆகிலும்” இல்லாமல் 19-ஆம் வசனத்தைப் பிரசங்கிக்க நமக்கு உரிமை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த 19-ஆம் வசனத்திலேயே கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. சத்துருவுக்கு இருப்பதாகச் சொல்லப்படுவது ‘தூனமிஸ்’, அதாவது வல்லமை. சீஷர்களுக்குக் கொடுக்கப்படுவது ‘எக்சூசியா’, அதாவது அதிகாரம். வல்லமை ஒருவன் கையில் இருக்கும் பலம். அதிகாரமோ கொடுத்தவரைச் சார்ந்தே நிற்பது. அவரைவிட்டு விலகி நின்றால் அது வெறும் சத்தம். அப்போஸ்தலர் நடபடிகளில், பிசாசு துரத்த முயன்ற ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரரும் இயேசுவின் நாமத்தைச் சரியாகத்தான் உச்சரித்தார்கள். “இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்” என்று பொல்லாத ஆவி கேட்டது. காயப்பட்டு, வஸ்திரம் இல்லாமல் அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். சொல்லில் அவர்களிடம் குறை இல்லை. அந்த நாமத்துக்குரியவரோடு உறவுதான் இல்லை.

தன் வேலைக்காரனைக் குணமாக்க இயேசுவை வேண்டிய நூற்றுக்கு அதிபதி, அதாவது ரோமப் படைத்தலைவன், இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தான். தன் சேவகரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, “நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டிருந்தும்” என்று தொடங்குகிறான். கீழ்ப்பட்டிருப்பதால்தான் அவன் சொல் செல்லும். யாக்கோபும் “பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்” என்பதற்கு முன்னால் “தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்” என்கிறார். ஜெபக்கூட்டங்களில் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் உரக்கச் சொல்கிறோம்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். என் தங்கை நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தபோது, அவள் கட்டிலருகே நின்றுகொண்டு சத்தமாய் ஜெபித்தேன். கட்டுகிறேன், கடிந்துகொள்கிறேன், கட்டளையிடுகிறேன், வெளியே போ. இருபது நிமிடமாவது இருக்கும். என் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். “அண்ணா, பிசாசோட பேசினது போதும். கொஞ்ச நேரம் இயேசப்பாவோட பேசு” என்றாள்.

நினைத்துப் பார்த்தேன். அந்த இருபது நிமிடத்தில் ஒரு வாக்கியம்கூட நான் தேவனைப் பார்த்துச் சொல்லியிருக்கவில்லை.

அவள் பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த சில நாட்களில் ஊழியர் ஒருவர் வீட்டுக்கு வந்து, “குடும்பத்தில் ஒருவருக்காவது அதிகாரத்தைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பாள்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. அதன்பின் பல மாதங்கள் அவர் வேதாகமத்தைத் திறக்கவில்லை. இது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அந்த ஊழியரிடம் அன்று கேட்கத் தெரியாததை இங்கே கேட்கிறேன். எபேசுவில் பவுலின் சரீரத்திலிருந்து கொண்டுபோன உறுமால்கள் பட்டதும் வியாதிகள் நீங்கின. அதே எபேசுவைச் சேர்ந்த தன் ஊழியத் தோழன் துரோப்பீமுவைப் பற்றி அதே பவுல், “மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்” என்று எழுதுகிறார். பவுலின் அதிகாரம் வழியில் தீர்ந்துபோயிற்றா? தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக அவர் மூன்று முறை வேண்டிக்கொண்டார். “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதில்தான் வந்தது. அதிகாரம் நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது சத்துருவுக்கு எதிராக. பிதாவுக்குக் கட்டளையிட அல்ல. கெத்செமனேயில் குமாரனே “உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது” என்றபோது, நாம் யார் தேதி குறிக்க?

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. விசுவாசிகள் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டதை, சில இடங்களில் மேடையில் நிற்பவர் மாத்திரம் தன்னுடையதாக வைத்துக்கொள்கிறார். கணக்கைக் கேட்டால், போதனையில் சந்தேகம் கேட்டால், “அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே” என்ற பதில் வருகிறது. அந்த வார்த்தை வருகிற சங்கீதம் 105 பேசுவது, நாட்டுக்கு நாடு பரதேசிகளாய் அலைந்த முற்பிதாக்களுக்கு ராஜாக்கள் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைப் பற்றி. பலமுள்ளவரிடமிருந்து பலமற்றவரைக் காப்பாற்றிய வார்த்தை அது. அதைச் சபையில் எளியவர்களின் வாயை அடைக்க எடுப்பது தலைகீழ். யோவான் தம் நிருபத்தில் விசுவாசிகள் எல்லாரையும் பார்த்துத்தானே “நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம் பெற்று” என்கிறார்? பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததும் வேதத்தில்தான் இருக்கிறது. தமக்குக் கிடைத்த அதிகாரத்தைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது, “இடித்துப்போடவல்ல, ஊன்றக்கட்டவே” என்று.

யோவான் சுவிசேஷத்தில் “அதிகாரங்கொடுத்தார்” என்ற சொல் விசுவாசிகளைக் குறித்து எங்கே வருகிறது என்று பாருங்கள். முதல் அதிகாரம், 12-ஆம் வசனம். எதற்கு அதிகாரம்? தேவனுடைய பிள்ளைகளாகும்படி. அங்கேயும் சொல் அதே எக்சூசியாதான். பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் உரிமையை நினைத்துக்கொண்டு படித்தால், வியர்க்க வியர்க்கக் கத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்றாம் அதிகாரத்தில், பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று அறிந்த இயேசு, அந்தக் கையால் எடுத்தது ஒரு சீலை. சீஷர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார்.

இப்போதும் நோயாளிகளுக்காக ஜெபிக்க என்னை அழைக்கிறார்கள். போகிறேன். சத்துருவை எதிர்த்தும் ஜெபிக்கிறேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதலில் உட்கார்ந்து, கட்டிலில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, பிதாவிடம் பேசுகிறேன்.

ஐயா, தங்கள் பத்திரிகையைத் துக்க வீடுகளிலும் வாசிக்கிறார்கள். அடுத்த இதழில் 20-ஆம் வசனத்துக்கும் இடம் கொடுங்கள் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் தங்கள் சகோதரன்,
நெடுநாள் வாசகன்