மருந்தின் பெயரை மூட்டையில் எழுதுங்கள்: கறிக்கோழி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

பல்லடம், உடுமலை, நாமக்கல் வட்டாரங்களில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்க்கும் நிறுவனத்தார்க்கும், அங்கே பணிபுரியும் கால்நடை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் கோவையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஐ.சி.யூ. நோயாளிகளின் ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் எங்களிடம் வரும். என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்வோம். உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். பண்ணைகளுக்கு நீங்கள் அனுப்பும் தீவன மூட்டையிலும் மருந்துப் பொட்டலத்திலும், உள்ளே எந்த ஆன்டிபயாடிக் இருக்கிறது என்று தமிழில் பெயர் போட்டு அனுப்புங்கள்.

இந்தக் கோரிக்கைக்குக் காரணம் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக். அது உங்களுக்குத் தெரியாத மருந்து அல்ல. 1950களின் கடைசியில் மனிதர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் டாக்டர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் கால்நடை, கோழித் தீவனத்தில் பல நாடுகளில் அது ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, கடுமையான தொற்றுக்குக் கொடுக்கும் மெரோபெனம் வகை மருந்துகளுக்கே அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபேக்டர் கிருமிகள் ஆஸ்பத்திரிகளில் பெருகியதும், ஒதுக்கிய கொலிஸ்டினையே தேடி எடுக்க வேண்டியதாயிற்று. சிறுநீரகம் போனாலும் பரவாயில்லை, உயிர் நிற்கட்டும் என்ற கட்டத்தில் கொடுக்கிற மருந்து அது.

கிருமி இதற்குக் கட்டுப்படுமா என்பதை, மருந்து தோய்த்த காகித வில்லையைக் கிருமி வளரும் அகார் கூழின்மேல் வைத்துப் பார்க்கும் வழக்கமான முறையில் சோதிக்க முடியாது. மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. அதனால் 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில், குழிக்குக் குழி மருந்தை இரட்டித்துக்கொண்டே போய், கிருமியைச் சேர்த்து, இரவெல்லாம் இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். கிருமி வளர்ந்த குழி கலங்கியிருக்கும், அடங்கிய குழி தண்ணீர்போலத் தெளிந்திருக்கும். ஒரு மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் போட்ட குழி தெளிந்திருந்தால் டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தக் குழியும் கலங்கியிருந்தால் ஐ.சி.யூ.வுக்கு போன் செய்கிறோம். "வேற எதுவும் இருக்கா?" என்று கேட்பார்கள். சில கிருமிகளுக்குப் புதிய கூட்டு மருந்து ஒன்றிரண்டு உண்டு. ஆனால் பல குடும்பங்களால் அந்த விலையைத் தாங்க முடியாது.

ஒரு கிருமி தன் மரபணுவை மாற்றிக்கொண்டு கொலிஸ்டினிடமிருந்து தப்பித்தால், அந்தத் தன்மை அதன் சந்ததியோடுதான் போகும் என்று ஒரு காலத்தில் ஆறுதல் இருந்தது. 2015 நவம்பரில் அது போயிற்று. சீனாவில் ஷாங்காய் அருகே ஒரு பன்றிப் பண்ணையில் எடுத்த, குடலில் வாழும் ஈ.கோலை கிருமியில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு இருப்பதை ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கொலிஸ்டின் வந்து ஒட்டிக்கொள்வது கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள எதிர்மின்னேற்றத்தில்தான். எம்.சி.ஆர்-1 அந்த இடத்தில் ஒரு சிறு வேதிப்பொருளைச் சேர்த்து மின்னேற்றத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்து ஒட்ட வழியில்லை. இந்த மரபணு பிளாஸ்மிட் என்னும் தனி டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருந்ததுதான் பயங்கரம். பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவதுபோல அது ஒரு கிருமியிடமிருந்து இன்னொன்றுக்கு, இனம் விட்டு இனம்கூடக் கைமாறும். அந்தச் சீன ஆய்வில் பச்சை இறைச்சி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், கசாப்புக்கு வந்த பன்றிகளில் 21 சதவீதத்திலும் அது இருந்தது. அடுத்த சில வாரங்களில் டென்மார்க்கில் பழைய மாதிரிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். இறக்குமதி செய்த கோழி இறைச்சியிலும், ஒரு நோயாளியின் ரத்தத்திலும் அதே மரபணு.

நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடுமே என்பீர்கள். செத்துவிடும், சரி. ஆனால் கறி வெட்டிய பலகை, கழுவிய சிங்க், அதே கத்தியில் நறுக்கிய வெங்காயம், கோழி வளர்க்கும் செட்டிலிருந்து அள்ளித் தோட்டத்தில் போடும் எரு, இவை எதுவும் அடுப்பில் ஏறுவதில்லை. வயிற்றுக்குள் போன அந்த ஈ.கோலை நம்மை ஒன்றும் செய்யாமலே இருக்கலாம். குடலில் பக்கத்தில் இருக்கும் கிளெப்சியெல்லாவிடம் பிளாஸ்மிட்டைக் கொடுத்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. அந்த ஆள் என்றைக்கோ ஆபரேஷனுக்குப் படுக்கும்போது பிரச்சினை எங்கள் ஆய்வகத் தட்டில் தெரியும்.

இந்தியாவில் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பிலும் தீவனத்திலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல முடிவு. பலன் தரும் முடிவு என்பதற்குச் சீனாவே சாட்சி. 2017இல் அங்கே வளர்ச்சிக்காகத் தீவனத்தில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். 2015இல் 27,170 டன்னாக இருந்த கொலிஸ்டின் தீவனக் கலவை உற்பத்தி 2018இல் 2,497 டன்னுக்கு இறங்கியது. பன்றிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகக் குறைந்தது. எம்.சி.ஆர்-1 ஈ.கோலையைக் குடலில் சுமந்த மனிதர்களின் பங்கு 2016இல் 14.3 சதவீதம், 2019இல் 6.3 சதவீதம். தீவனத்தில் நிறுத்திய இரண்டே வருடத்தில் மனிதக் குடலில் தெரிந்த மாற்றம் இது. இவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்று என் துறையில் பலரும் நினைக்கவில்லை.

இங்கே தடை நடப்பில் இருக்கிறதா என்று பண்ணைக்காரரால் எப்படிச் சொல்ல முடியும்? என் சித்தப்பா பொங்கலூர் பக்கம் ஒரு கம்பெனிக்குக் கோழி வளர்க்கிறார். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனியுடையது. செட்டும் கரண்டும் உழைப்பும் அவருடையது. செட்டில் தொங்கும் அட்டையில் இறப்பு, எடை, தீவன மூட்டைக் கணக்கு எல்லாம் நாள்வாரியாக இருக்கிறது. மருந்துக் கட்டத்தில் மட்டும் "பவுடர், 3 நாள்". என்ன பவுடர் என்று கேட்டேன். வெள்ளைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ஒரு எண், ஒரு தேதி, அவ்வளவுதான். "சூப்பர்வைசர் தண்ணியில கலக்கச் சொன்னாரு, கலக்கறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடைக்குக் கோழி தின்னும் தீவன அளவு) கூடினாலோ இறப்பு ஏறினாலோ வளர்ப்புக் கூலியில் அடி விழும். அந்தப் பொட்டலத்தை மறுக்கும் நிலையில் அவர் இல்லை. முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் மடல் உங்களுக்கு.

மருந்துச் சட்ட விதிகளின்படி, மருந்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கோழியை வெட்டலாம் என்பது லேபிளில் இருக்க வேண்டும். அந்தக் கெடு வரையறுக்கப்படாத மருந்துக்குக் கோழி இறைச்சி என்றால் குறைந்தது 28 நாள். நம் பிராய்லர் வாழ்வதே நாற்பது நாள் சொச்சம். பெயரே தெரியாத மருந்துக்கு எந்தக் கெடுவைக் கடைப்பிடிப்பது?

உங்களில் சிலர், எங்கள் கோழியில் மருந்து எச்சம் இல்லை, லேப் ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்புகிறேன். ஆனால் அந்த ரிப்போர்ட் பதில் சொல்வது வேறு கேள்விக்கு. கறியில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்பது ஒன்று. மருந்தைத் தின்று பழகிய கிருமி அந்தக் கறியின் மேல் இருக்கிறதா என்பது இன்னொன்று. கெடு முடிந்தால் மருந்து உடலைவிட்டுப் போய்விடும். கிருமி போகாது, செட்டின் தரையில் பரப்பிய நார்த்தூளில் தங்கி அடுத்த பேட்ச் குஞ்சுக்கும் ஏறும். எச்சம் பூஜ்யம் என்ற சான்றிதழோடு எதிர்ப்புக் கிருமியும் சேர்ந்தே சந்தைக்கு வர முடியும். ஆகவே கடைசியில் கறியைச் சோதிப்பது போதாது. முதலில் என்ன போட்டீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

நோய் வந்த கோழிக்கு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈ.கோலை தாக்கி நூற்றுக்கணக்கில் சாகும்போது மருத்துவர் சோதித்து, தகுந்த மருந்தைத் தேவையான நாள் கொடுக்கட்டும். நோயே இல்லாத கூட்டத்துக்குத் தீவனத்தோடு தினமும் போவதை நிறுத்துங்கள். குளோரின் போட்ட தண்ணீர், நேரத்துக்குத் தடுப்பூசி, செட்டில் நெரிசல் குறைப்பது என்று உங்கள் மருத்துவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

தீவன மூட்டையில் புரதச் சதவீதமும் தயாரித்த தேதியும் ஏற்கெனவே அச்சாகிறது. அதோடு ஒரு வரி சேருங்கள்: சேர்த்துள்ள ஆன்டிபயாடிக்கின் வேதிப்பெயர், அளவு. இல்லையென்றால் "ஆன்டிபயாடிக் இல்லை" என்று. பொட்டலத்திலும் அதே வரி, கூடவே வெட்டுவதற்கு முந்தைய கெடு. செட் அட்டையின் மருந்துக் கட்டத்தில் பெயர், காரணம், தொடங்கிய நாள், நிறுத்திய நாள், எழுதிய மருத்துவரின் கையெழுத்து. அட்டையின் நகல் ஒன்று பண்ணையாளரிடம் இருக்கட்டும். அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கும்போதே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்