கெடு முடிவதற்குள்

தேவகோட்டை

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். வளவு வீட்டுப் பங்கு இன்னும் முடியவில்லை. மெய்யப்பன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான், ஏன் என்று உனக்கே தெரியும். அதெல்லாம் அப்புறம்.

மாப்பிள்ளை விஷயத்தைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. பாரிஸ் போலீஸ்காரர்கள் அடித்த வழக்கில் கடைசி நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது, இனி ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் என்கிறாய். சரி. ஆனால் ‘ஆறு மாதம் இருக்கிறது, நிதானமாகப் பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைப் பதற வைத்தது. ஆறு மாதம் பழைய கணக்கு. 2022 பிப்ரவரி 1-இல் விதி மாறி, கடைசித் தீர்ப்பிலிருந்து நான்கே மாதம் என்று ஆகிவிட்டது. கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால் நம்ம கோர்ட்டில் திங்கட்கிழமை வாங்கிக்கொள்வார்கள். அங்கே அது கிடையாது. 2012-ல் துருக்கி வழக்கு ஒன்றில் பெரிய அமர்வே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காலேஜில் கவுண்டர் மூடுகிற நேரத்தில் ஓடிப்போய்ப் பரீட்சை ஃபீஸ் கட்டுகிற ஆள் நீ. இதில் மட்டும் அது வேண்டாம்.

அவர்கள் கொடுக்கும் படிவத்தில்தான் எழுத வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, மாப்பிள்ளையே பேனாவால் கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். தபால் முத்திரையில் உள்ள தேதிதான் கணக்கு. இங்கே மனுவில் குறை இருந்தால் ரிட்டர்ன் போட்டு, சரிசெய்ய நாள் கொடுப்பார்கள். அங்கே ஒரு காகிதம் விட்டுப்போனாலும் மனுவைக் கையில் எடுக்கவே மாட்டார்கள். கெடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அசல் எதையும் அனுப்பாதே, நகல் போதும். கட்டணம் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. உள்நாட்டில் எல்லாப் படியும் ஏறி முடித்திருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். ஏறினால் மட்டும் போதாது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் என்ன குறை சொல்லப் போகிறோமோ, அதை அந்த நாட்டு நீதிமன்றங்களிலும் சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வக்கீல் கடைசி மனுவில் அடித்ததைப் பற்றி வாதாடினாரா, நஷ்டஈட்டுத் தொகையைப் பற்றி மட்டும் பேசினாரா? தொகையை மட்டும் பேசியிருந்தால், மனிதத்தன்மையற்று நடத்தக் கூடாது என்கிற, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 3-ஆவது பிரிவைக் காட்டி இப்போது கேட்பது கஷ்டம். அந்த மனுவின் நகலை உடனே வாங்கிப் படிக்கச் சொல். அங்கே போகிற மனுக்களில் பெரும்பாலானவை, நியாயம் யார் பக்கம் என்று பார்க்கிற கட்டத்துக்கே வருவதில்லை சொக்கு. வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை ஆணையத்தில் இன்றும் ஆறு மாதம்தான். ஆப்பிரிக்க ஆணையத்தில் மாதக் கணக்கே இல்லை, நியாயமான காலத்துக்குள் வந்தால் போதும். ஆனால் அவர்கள் சாசனத்தின் 56-ஆவது பிரிவில், மனுவில் அரசை இழிவாகப் பேசும் சொல் இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. எனக்கு இது ஒப்பவே இல்லை. அடிபட்டவன் கோபமாக எழுதாமல் வேறு யார் எழுதுவது?

ஆசியாவில் நமக்கு அப்படி ஒரு நீதிமன்றமும் இல்லை. ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவிடம் தனி ஆள் புகார் கொடுக்க வழி செய்யும் விருப்ப நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை. மாநில மனித உரிமை ஆணையம் உண்டு. அங்கேயும் சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், 1993-ஆம் வருஷச் சட்டம் அப்படி. போன மாதம் ஓர் அம்மா வந்தார். ஸ்டேஷனில் மகனை அடித்துக் காது கேட்காமல் போய்விட்டது. பயந்துபோய் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள், வருஷம் தாண்டிவிட்டது. கோர்ட்டில் தனிப்புகார் போட்டிருக்கிறேன், விடப் போவதில்லை. ஆனாலும் ஆணையத்துக்குப் போகிற வழி அடைந்துவிட்டதே என்று வயிறு எரிகிறது.

அதனால்தான் உன்னை விரட்டுகிறேன். கடைசித் தீர்ப்பின் தேதி என்ன, அது எழுத்தில் கைக்கு வந்த தேதி என்ன, இரண்டையும் இன்றைக்கே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. மகளிடம் தைரியமாக இருக்கச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்