ஹாமரும் ரோஸ்ட்டின் வெள்ளியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு வேலை மாற்றம், அடுத்த மாதம் கோவைக்குப் போகிறாள்.

கத்தி வைத்த ஷூ போட்டு ஐஸில் வழுக்கி ஓடுகிற அந்தப் பந்தயமெல்லாம் இன்னும் பார்க்கிறாயா என்று கேட்டிருந்தாய். பார்க்காமலா? போன வாரம்தான் 2022 உலக ஆல்ரவுண்ட் ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பை மறுபடி போட்டுப் பார்த்தேன். நார்வேயில் ஹாமர் என்ற ஊர். 1994 ஒலிம்பிக்ஸுக்காகக் கட்டிய அரங்கம், கவிழ்த்து வைத்த வைக்கிங் கப்பல் மாதிரி கூரை.

ஆல்ரவுண்டில் ஆண்கள் 500, 5000, 1500, 10000 மீட்டர் நான்கையும் இரண்டே நாளில் ஓட வேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மீட்டருக்குச் சராசரியாக எத்தனை வினாடி ஆனது என்று கணக்கிட்டு நான்கையும் கூட்டுவார்கள். குறைந்த புள்ளிக்காரர் சாம்பியன். 500 மீட்டரில் ஒரு வினாடி விட்டவன், அதை 10000 மீட்டரில் ஈடுகட்ட 20 வினாடி முந்த வேண்டும். எவ்வளவு கறாரான கணக்கு பார்!

அன்று தங்கம் ஸ்வீடனின் நில்ஸ் வான் டெர் பூலுக்கு. வெள்ளி நெதர்லாந்தின் பாட்ரிக் ரோஸ்ட், வெண்கலம் பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ். 1973இல் யோரன் கிளேசன் வென்ற பிறகு ஸ்வீடனுக்குக் கிடைத்த முதல் ஆல்ரவுண்ட் பட்டம் அது.

நில்ஸ் விசித்திரமான ஆள். 2018 ஒலிம்பிக்ஸில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஸ்கேட்டிங்கை விட்டுவிட்டு ராணுவத்துக்குப் போனார், நூறு மைல் ஓட்டமெல்லாம் ஓடினார். திரும்பி வந்தபோது பயிற்சியையே மாற்றிவிட்டார். மாதக்கணக்கில் வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கும் மேல் சைக்கிள், அப்புறம்தான் ஐஸ். ஐந்து நாள் உழைப்பு, இரண்டு நாள் முழு ஓய்வு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கிய கையோடு அந்த ரகசியம் முழுவதையும் எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வெளியிட்டுவிட்டார். தங்கங்களில் ஒன்றை, அப்போது சீனச் சிறையில் இருந்த ஸ்வீடன் குடிமகன் குய் மின்ஹாயின் மகள் ஆஞ்சலாவிடம் கொடுத்தார். அதற்கு அடுத்த மாதமே ஹாமர். அத்தோடு ஓய்வு.

ஆனால் எனக்கு ரோஸ்ட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லையடா. 2018, 2019, 2020 மூன்று வருஷமும் உலக ஆல்ரவுண்ட் சாம்பியன் அவர்தான். பெய்ஜிங் 5000 மீட்டரில் 6:09.31 என்று ஓடி முடித்துவிட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு அப்புறம்தான் நில்ஸ் ஓட இறங்குகிறார், நேர்கோட்டில் இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல். லேப்புக்கு லேப் ரோஸ்ட்டின் நேரத்துக்குப் பின்தங்கியே இருக்கிறார். கடைசியில் 6:08.84. அரை வினாடிகூட இல்லை! ஐந்து நாள் கழித்து 10000 மீட்டர், அதிலும் நில்ஸ் உலக சாதனையோடு தங்கம், ரோஸ்ட் வெள்ளி. அப்புறம் ஹாமரிலும் அதே வரிசை. ஒரே ஆளிடம், ஒரு மாதத்துக்குள் மூன்று வெள்ளி.

2023இல் சொந்த நாட்டில், ஹீரன்வீனில், 5000 மீட்டர் உலகப் பட்டத்தை ரோஸ்ட் வென்றார். நில்ஸ் இல்லாததால் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படித் தோற்ற பிறகும் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி ஷூவைக் கட்டிக்கொண்டு ஐஸில் இறங்கினாரே, அந்தத் தங்கம் அவர் சம்பாதித்தது. பெய்ஜிங் 10000 மீட்டரில் வெண்கலம் வாங்கிய இத்தாலியின் தாவிதே கியோட்டோவும் அதே 2023இல் அந்தத் தூரத்தின் உலகப் பட்டத்தைப் பிடித்தார். 2025 ஜனவரியில் கால்கரியில் நில்ஸின் சாதனையையும் 12:25.69 என்று முறியடித்துவிட்டார்.

அந்தப் பெய்ஜிங் 5000 மீட்டர் பந்தயத்தைத் தேடிப் பிடித்து, கடைசி நான்கு லேப்பையாவது பார். உனக்கு யார் பக்கம் மனசு போகிறது என்று எழுது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்