வாய்ப்புண்ணும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாயோரம் வெடித்தாலே மருந்துக் கடையில் பி வகை வைட்டமின்கள் பல சேர்ந்த பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கேட்டு வாங்கும் வழக்கம் கவலையளிக்கிறது. ரிபோஃப்ளேவின் எனப்படும் வைட்டமின் பி2 குறைந்தால் அப்புண் வரும் என்பது உண்மையே. ஆயினும் இரும்புச்சத்துக் குறைவும் பூஞ்சைத் தொற்றும் அதே புண்ணை உண்டாக்கக்கூடும். உணவை ஆற்றலாக மாற்ற உதவும் பி2 சத்து பால், தயிர், முட்டை, கீரை ஆகியவற்றில் கிடைக்கிறது. வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால் பாலை வெயில்படும் இடத்தில் வைக்கலாகாது.

மாத்திரை அவசியமானோர் அட்டையில் அச்சிட்டுள்ள பி6 அளவையும் கட்டாயம் பார்க்க வேண்டும். மிகையான பி2 சிறுநீரை மஞ்சளாக்கி வெளியேறிவிடும். பி6 அப்படியன்று, அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் நரம்புகளைப் பாதிக்கும். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்குக் குறையக்கூடியது பி12 என்பதால், இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்வதையே அவர்கள் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்