பேட்டரிக்கு மொத்தமாகப் பணம் கட்டுவதற்கு முன்: நம் நகர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், சோலார் போடப் பெயர் கொடுத்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

போன கூட்டத்துக்கு வந்த விற்பனைக்காரத் தம்பி "பகல்ல சேமிச்சு ராத்திரி செலவு பண்ணுங்க, பில்லே வராது" என்றதும் பாதிப் பேர் தலையாட்டினீர்கள். அங்கேயே எழுந்து பேசியிருக்க வேண்டும், தப்பு என்மேல்தான். முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

என் மாடியில் 3 கிலோவாட் பேனல் ஓடுகிறது, பேட்டரி கிடையாது. பகலில் வீட்டுக்குப் போக மிஞ்சுவது லைனில் ஏறுகிறது, ராத்திரி நான் இழுப்பதில் அதைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது. நெட் மீட்டர் என்பது இவ்வளவுதான். மதியம் ஈபியிடம் கொடுத்துவைத்த யூனிட்டை ராத்திரி திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றால், அதே வேலையைச் செய்ய லட்ச ரூபாய்க்கு ஒரு பெட்டி எதற்கு?

சரி, கணக்கையே போடுவோம். 5 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரிக்கு என்னிடம் சொன்ன விலை ஒரு லட்சம், பேனலையும் பேட்டரியையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு ஆகும் கூடுதல் செலவு தனி. தினமும் தவறாமல் நாலரை யூனிட் எடுத்தாலும் பத்து வருஷத்தில் 16,400 யூனிட் சொச்சம்தான், வகுத்தால் வட்டி சேர்க்காமலே யூனிட்டுக்கு 6 ரூபாய். ஏற்றி இறக்குவதில் வீணாகும் கரன்ட்டை நான் இதில் சேர்க்கவில்லை. மத்திய அரசு 3 கிலோவாட்டுக்குத் தரும் 78,000 ரூபாய் மானியமும் பேனலுக்குத்தான், பேட்டரிக்கு ஒரு பைசா கிடையாது. இரண்டு மாதத்தில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் போடுகிறார்களே என்று மாடிவீட்டு அண்ணன் கேட்டார். அந்த பில்லைக் குறைப்பது பேனல், அண்ணே. பேட்டரி புதிதாக ஒரு யூனிட்டும் தயாரிக்காது.

ஆனால் 2018 கஜா புயலை நம் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. அப்போது என் பேனல் இருந்திருந்தாலும் உதவியிருக்காது, ஏனென்றால் லைனில் கரன்ட் போனால் பேட்டரி இல்லாத என் சோலார் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. மாடியில் வெயில் கொளுத்தும், கீழே ஃபேன் சுற்றாது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினில் ஒருவர் இருக்கிறார் என்றால் பேட்டரி வாங்குங்கள், போட்ட பணம் திரும்புமா என்ற கேள்வியே அங்கே வேண்டாம். மற்றபடி ஒரு மணி, இரண்டு மணி நேர கரன்ட் கட்டுக்கு ஹாலில் ஏற்கெனவே இருக்கும் பழைய இன்வெர்ட்டர் போதும், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் மறக்காமல் ஊற்றுங்கள்.

இன்னொன்று. ஸ்மார்ட் மீட்டர் வந்தால் பகலுக்கு ஒரு கட்டணம், மற்ற நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று மத்திய அரசு 2023லேயே விதி போட்டிருக்கிறது. வெயில் நேரத்துக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் இறங்க வேண்டுமாம். அது நம் வீட்டு பில்லுக்கு வரும்போது, பகலில் கொடுக்கும் யூனிட்டுக்கும் ராத்திரி வாங்கும் யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லாமல் போனால், என் கணக்கு மாறலாம். அன்றைக்கு அன்றைய விலையில் வாங்கிக்கொள்ளலாமே, இன்றைக்கே எதற்கு அவசரம்?

அதனால் ஒரே ஆர்டராகப் போடாமல் பேனலுக்குத் தனியாக, பேட்டரிக்குத் தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என் ஈபி அட்டையோடு வருகிறேன், யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.